சிட்டா யார் பெயரில், தராசு யார் கையில்

"ஆப்பிரிக்காவில் கொக்கோ விவசாயிகள் சேர்ந்து சொந்தமாகச் சாக்லேட் கம்பெனியே வைத்தார்களாம். நம் சேரியில் ஏன் முடியாது?" இந்தக் கேள்வியோடு சில மாணவத் தோழர்கள் அச்சரப்பாக்கம் வந்திருந்தார்கள். கையில் ஒரு திட்டமும் இருந்தது. பக்கத்துக் கிராமங்களில் உள்ள தலித் சிறு விவசாயிகளைச் சேர்த்து ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குவது, கிச்சிலிச் சம்பாவைப் பொட்டலம் கட்டிச் சென்னையில் விற்பது, உறையின் மேல் ஒரு அக்காவின் சிரித்த முகத்தைப் போடுவது. பெயர்கூட யோசித்து வைத்திருந்தார்கள்.

அந்த ஆர்வத்தைக் கேலி செய்ய நாங்கள் தயாராக இல்லை. எங்களுக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பொட்டலத்தின் மேல் என்ன படம் போடுவது என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, நிலத்தின் சிட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது. இரண்டாவது, விளைந்ததை எடை போடுகிற தராசு யார் கையில் இருக்கிறது என்பது. இந்த இரண்டையும் தாண்டிக்கொண்டு நேராகச் சந்தைக்குப் போனவர்கள் யாரும் நாங்கள் பார்த்தவரை வெகுதூரம் போகவில்லை. அன்று பேச நேரம் போதவில்லை. ஆகவே எழுதுகிறோம்.

எங்கள் ஊருக்கு ஒரு புராணக் கதை சொல்வார்கள். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவனின் தேர் அச்சு இங்கேதான் முறிந்ததாம். அச்சு இற்ற பாக்கம், அதனால் அச்சிறுபாக்கம். வாய்வழக்கில் அச்சரப்பாக்கம் ஆகிவிட்டது. கதை எப்படியோ போகட்டும். இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் எங்கள் மக்களின் தேருக்கு அச்சு எங்கே முறிந்தது என்பதற்குப் புராணம் தேவையில்லை. அரசாங்கக் காகிதமே இருக்கிறது.

1891-ல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். படியாள் முறையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடப்பதையும், குடியிருக்கும் குடிசை மனைகூட மிராசுதாரர் கையில் இருப்பதையும், எதிர்த்துப் பேசினால் மனையை விட்டே துரத்த முடியும் என்பதையும் அது சொன்னது. மிராசு முறை பற்றித் தெரியாத தம்பி தங்கைகளுக்கு ஒரு வரி: ஊரில் தரிசாகக் கிடக்கும் நிலத்தைக்கூட மற்றவர் தர்காஸ்து போட்டுக் கேட்டால், முன்னுரிமை மிராசுதாரருக்கும் ஏற்கெனவே பட்டா வைத்திருப்பவருக்கும்தான். அவர் உழவும் வேண்டாம். அடுத்தவன் உழாமல் தடுத்தால் போதும். கூலிக்கு ஆள் குறைந்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. சேரிக்காரன் கையில் ஓர் ஏக்கர் நிலம் இருந்தால் மறுநாள் அவன் களத்துக்கு வருவானா என்பதுதான் அவர்களின் பயம்.

இதை முதலில் வெள்ளைக்காரக் கலெக்டர்தான் கண்டுபிடித்தார் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். நிலம் கேட்டு மனுக் கொடுத்ததும், மறுக்கப்பட்டதும், மறுபடி கொடுத்ததும் எங்கள் முப்பாட்டன்கள். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கவுடி போன்ற மிஷனரிகள் அந்த மனுக்களுக்குத் துணை நின்றார்கள். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அந்தக் காலத்தின் குரல் அது. அறிக்கை அந்த மனுக்களுக்குப் பின்னால் வந்தது.

1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒப்படை. அதற்கு நிபந்தனைகளும் உண்டு. முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாகக் கொடுக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதுதான் பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒப்படைக்கப்பட்டது என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு.

இனி, அதே மாவட்டத்தின் இன்னொரு வரலாற்றைப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1904-ல், இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தின் முதல் வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அந்த ஆண்டே திரூரில் தொடங்கப்பட்டது. திரூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அதுவும் செங்கல்பட்டு மாவட்டம்தான். கந்துவட்டிக்காரனிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றுவது சங்கத்தின் நோக்கம். நல்ல நோக்கம், நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒரே மாவட்டத்தில், ஒரே தலைமுறைக் காலத்தில் பிறந்த இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. பஞ்சமி நிலம் கடன் இல்லாமல் வந்தது. கூட்டுறவுக் கடனோ ஏற்கெனவே நிலமும் பிணையும் ஊரில் மதிப்பும் உள்ளவனைத் தேடிப் போனது. மேட்டில், ஏரி மடைக்குக் கடைசியில், கல்லும் முள்ளும் கலந்த நிலம் கைக்கு வந்தவனுக்கு ஏர் இல்லை, மாடு இல்லை, விதைநெல் இல்லை, கிணறு வெட்டக் காசு இல்லை. யாரிடம் போவான்? எந்த மிராசுதாரரின் களத்திலிருந்து விடுபட நிலம் வாங்கினானோ, அதே மிராசுதாரரின் திண்ணைக்குத்தான். பிள்ளையின் கல்யாணம், அம்மாவின் சாவு, ஒரு பஞ்ச வருடம். நூறு ரூபாய்க்குக் கைநாட்டு. நிபந்தனை காகிதத்தில் பத்திரமாக இருந்தது. நிலம் போய்விட்டது.

பஞ்சமி நிலம் பறிபோன கதையை நாம் எப்போதும் மோசடிக் கதையாகவே சொல்கிறோம். மோசடி நடந்தது, மறுக்கவில்லை. கணக்கப்பிள்ளையின் பேனாவும் பத்திர அலுவலகத்தின் அலட்சியமும் சேர்ந்து செய்த வேலை அது. பரம்பரைக் கர்ணம் பதவியே 1980-ல்தான் ஒழிந்தது என்பதை நினைவில் வையுங்கள். அதற்குப் பின் 1980-களில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் 'நிபந்தனைப் பட்டா' என்ற அடையாளமே பதிவேட்டிலிருந்து காணாமல் போனது. இவ்வளவும் உண்மை. ஆனால் இத்தனைக்கும் முன்னால் ஒரு கடன் இருந்தது. அந்தக் கடனைக் கொடுக்க வேறு ஆள் இருந்திருந்தால் பாதி நிலமாவது தப்பியிருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

புரட்சியாளர் அம்பேத்கர் 1918-லேயே இந்தியாவின் சிறு நிலவுடைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் தேடிப் படியுங்கள். துண்டு துண்டாக இருக்கும் நிலங்களை ஒன்று சேர்த்துவிட்டால் விவசாயம் தழைத்துவிடும் என்று அன்று பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டது வேறு. நிலம் சிறியதா பெரியதா என்பதை ஏக்கரை வைத்து மட்டும் சொல்ல முடியாது, அதோடு சேர்ந்து உழைக்கும் மூலதனமும் கருவிகளும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். வெறும் கையோடு நிற்பவனுக்கு இரண்டு ஏக்கரும் பாரம். நிலத்தையே நம்பி வேலையின்றி முடங்கிக் கிடக்கும் கூட்டத்துக்குத் தொழில்மயம் வேண்டும் என்றும் சொன்னார். 1947-ல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் இன்னும் மேலே போனார். நிலம் அரசுடைமையாக வேண்டும், சாதி பார்க்காமல் ஊர்மக்களுக்குக் குத்தகைக்கு விட வேண்டும், கூட்டுப்பண்ணையாக உழ வேண்டும், நீரும் மாடும் விதையும் உரமும் அரசே கொடுக்க வேண்டும். நிலமும் கடனும் தனித்தனியாக வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் அளவுக்குப் புரிந்தவர் வேறு யார் இருந்தார்கள்!

நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு என்ன விலை என்பதும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தையொட்டி நடந்த ஆர்ப்பாட்டத்தில் காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். இன்று இருபது வயதில் இருக்கும் தோழர்கள் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆகவே பெயரோடு எழுதுகிறோம்.

இப்போது ஆப்பிரிக்காவுக்கு வருவோம். கேள்வி அங்கிருந்துதானே தொடங்கியது.

மாணவர்கள் சொன்ன சாக்லேட் கதை கானா நாட்டின் 'குவாப்பா கொக்கோ' சங்கத்தின் கதை. 1993-ல் தொடங்கியது. கானாவில் கொக்கோ கொள்முதல் முழுக்க அரசின் கையில் இருந்து, பிறகு உரிமம் பெற்ற மற்றவர்களும் வாங்கலாம் என்று திறந்துவிட்ட நேரம். விவசாயிகளின் பெரிய புகார் விலை பற்றியது மட்டும் இல்லை, எடை பற்றியது. வாங்க வருபவன் தராசைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருப்பான். அவன் சொன்னதுதான் எடை. குவாப்பா கொக்கோ செய்த முதல் காரியம், ஒவ்வொரு கிராமச் சங்கமும் தன் ஆட்களுக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுத்து எடை போடுவதையும் கணக்கு எழுதுவதையும் அவரிடம் ஒப்படைத்தது. உங்கள் மூட்டையை உங்கள் ஆள் நிறுப்பார். தவறினால் அடுத்த தேர்தலில் வேறு ஆள். நியாய வணிகம், சான்றிதழ், வெளிநாட்டுச் சந்தை எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை. 1998-ல் லண்டனில் தொடங்கிய சாக்லேட் கம்பெனியில் இந்தச் சங்கம் பங்குதாரர் ஆனது. அதுதான் பிறகு 'டிவைன்' சாக்லேட் என்று பெயர் மாறியது. ஒரு கட்டத்தில் சங்கத்தின் பங்கு 45 சதவீதம்.

கதையின் அடுத்த பகுதியை விளம்பரப் படங்களில் காட்ட மாட்டார்கள். 2020-ல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை ஒரு ஜெர்மன் சாக்லேட் நிறுவனம் வாங்கியது. விவசாயிகளின் பங்கு சிறிதாகச் சுருங்கியது. இதைச் சொல்வது அவர்களைக் குறைத்துப் பேச இல்லை. கடையில் விற்கும் சாக்லேட்டில் பங்கு வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் சொல்கிறோம். கம்பெனியில் பங்கு சுருங்கினாலும் கிராமத்தில் தராசு அவர்கள் ஆளிடம் இருந்தால் முழுதாக ஏமாற மாட்டார்கள்.

எங்களுக்கு இதைவிட நெருக்கமாகத் தெரிவது தென்னாப்பிரிக்காவின் ஹெய்வெல்ட் கூட்டுறவு. அங்கே 1913-ல் வந்த நிலச் சட்டம், நாட்டின் சுமார் 7 சதவீத நிலத்துக்குள் கறுப்பின மக்களை அடைத்தது. 1936-ல் அதைச் சுமார் 13 சதவீதமாக உயர்த்தினார்கள். மக்கள்தொகையில் பெரும்பான்மை அவர்கள்தான் என்பதைச் சேர்த்து வாசியுங்கள். இங்கே 1892-ல் நிலம் கொடுத்ததாகச் சட்டம் போட்டுப் பறிகொடுக்க விட்டார்கள். அங்கே 1913-ல் நேரடியாகவே பிடுங்கினார்கள். 'கலர்டு' என்று முத்திரை குத்தப்பட்ட, கோய், சான் பழங்குடி வழிவந்த மக்களோ அதற்கும் முன்பிருந்தே வெள்ளைப் பண்ணைகளால் வறண்ட ஓரங்களுக்குத் தள்ளப்பட்டவர்கள். அந்த ஓரங்களில்தான் ரூய்போஸ் என்ற செடி வளரும். தேயிலை போலக் கொதிக்க வைத்துக் குடிப்பது. உலகில் வேறெங்கும் இயற்கையாக அது விளைவதில்லை. ஆனால் தொழிலின் பெரும்பகுதி வெள்ளையர் பண்ணைகளின் கையில். இந்த மக்கள் அவர்களுக்குக் கூலிகளாக இருந்தார்கள், அல்லது விளைந்த கொஞ்சத்தைச் சொன்ன விலைக்குக் கொடுத்தார்கள்.

2000-ஆம் ஆண்டையொட்டி, ஒரு சில சிறு விவசாயிகள் சேர்ந்து ஹெய்வெல்ட் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்ததில் எங்களைக் கவர்ந்தது ஏற்றுமதி இல்லை, களம். ரூய்போஸை வெட்டி, நறுக்கி, நனைத்துப் புளிக்கவிட்டு, வெயிலில் உலர்த்த ஒரு களம் வேண்டும். களம் அடுத்தவனுடையது என்றால் அவன் சொல்லும் நாளில், அவன் சொல்லும் கட்டணத்துக்கு. சங்கம் சொந்தக் களம் அமைத்தது. நெல் அடித்து வளர்ந்த யாருக்கும் இது புரியும். களத்துமேட்டில் யாருடைய கால் முதலில் படலாம் என்பதில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறோம்!

இன்னொன்றும் அங்கே நடந்தது. ரூய்போஸின் பயன் முதலில் தெரிந்தது கோய், சான் மக்களுக்கு, ஆகவே அந்த அறிவுக்கு ஈடு தர வேண்டும் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2019 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. பண்ணை வாசல் விலையில் 1.5 சதவீதம் அந்த மக்களுக்கு. தொகை சிறிதுதான். ஆனால் 'இது எங்கள் அறிவு' என்று தொழில் முழுவதும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பாரம்பரிய நெல் என்று இன்று சென்னையில் கிலோ நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறார்கள். அந்த நாற்றை முடிந்து, நட்டு, களை பிடுங்கி, எந்த நெல் எந்த மண்ணில் சாயும் என்று கையால் அறிந்து வைத்திருந்தவர்கள் யார்? உறையின் மேல் எழுதியிருக்கும் 'எங்கள் முன்னோர்' பட்டியலில் அவர்கள் இருக்கிறார்களா? கடையில் வாங்கும்போது ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

கூட்டுறவு என்ற சொல்லுக்கே சாதியைக் கரைக்கும் சக்தி உண்டு என்று நம்பும் தோழர்களுக்கு ஒரு தகவல். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி நடத்திய ஆய்வு ஒன்று 2006-ல் புத்தகமாக வந்தது. பால் கூட்டுறவு உள்ள கிராமங்களில் ஏறக்குறைய பாதியில் தலித்துகள் கறந்த பாலைச் சங்கத்தில் ஊற்ற முடியவில்லை என்று அது பதிவு செய்தது. பால் வெள்ளைதான். கேனைத் தொட்ட கைக்குத்தான் சாதி. சிரித்த முகத்தைப் பொட்டலத்தில் போடுவது பற்றி மாணவர்களிடம் நாங்கள் தயங்கியதற்குக் காரணம் இதுதான். முகம் விற்கும். அது எந்தத் தெருவின் முகம் என்று தெரிந்த பிறகும் விற்குமா என்பதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. விற்க வேண்டும், விற்க வைக்க வேண்டும். ஆனால் அந்த அக்காவை முன்னால் நிறுத்தி அந்தச் சோதனையைத் தொடங்கக் கூடாது.

எங்கள் பக்கத்து நிலவரத்துக்கு வருகிறோம். இங்கே சம்பா, நவரை, சொர்ணவாரி என்று நெல். மேட்டில் மல்லாட்டை. கோடைக்குத் தர்பூசணி. ஏரியில் தண்ணீர் இருந்தால் மூன்று போகம், இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. சாலையில் வேலை தேடல். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு ஊக்கத்தொகை சேர்த்துச் சாதா ரக நெல்லுக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய் அறிவித்தது. அந்த விலை வேண்டும் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா, அடங்கல் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவருக்கு அடங்கலில் பெயர் ஏறுவதே இல்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-ல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் பெயர் பதியப் போகிறான் என்று தெரிந்தால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது. ஆகவே நெல் வியாபாரியின் வண்டிக்குப் போகிறது. குவிண்டாலுக்கு இரண்டு கிலோ 'கழிவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 குவிண்டால் விளைந்தால் 50 கிலோ. அரசு விலையில் 1,250 ரூபாய். விலைக் குறைப்பு தனி. ஓர் அம்மாவின் சில நாள் கூலி தராசின் முள்ளிலேயே போய்விடுகிறது.

எங்களோடு வேலை செய்யும் பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. எல்லோரும் உழுபவர்கள், நடுபவர்கள், அறுப்பவர்கள். ஒருவர் பெயரில்கூடச் சிட்டா இல்லை. சிலருக்குக் கணவர் பெயரில். சிலருக்கு இறந்துபோன மாமனார் பெயரில், வாரிசு மாற்றாமல். சிலருக்கு, பாட்டன் காலத்துப் பஞ்சமி நிலம் இன்று வேறு யாரோ ஒருவர் பெயரில், அதே நிலத்தில் இவர்கள் வாரத்துக்கு உழுகிறார்கள். கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். இந்தப் பக்கத்தில் ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேரப் போனபோது, படிவத்தில் முதல் கட்டமே சிட்டா எண். "வீட்டுக்காரரைக் கூட்டி வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் போனால் அவர்தான் உறுப்பினர். வயலில் நிற்பது அக்கா, பொதுக்குழுவில் உட்காருவது மாமா.

இங்கே சட்டம் படிக்கும் தோழர்கள் கவனியுங்கள். 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் 'உற்பத்தியாளர் நிறுவனம்' என்ற பகுதியைச் சேர்த்தார்கள். சட்டத்தின்படி உற்பத்தியாளர் என்பவர் முதன்மை விளைபொருள் சார்ந்த வேலையில் ஈடுபடுபவர். நிலத்தின் சொந்தக்காரர் என்று அதில் இல்லை. ஆடு வளர்ப்பவரும், வாரத்துக்கு உழுபவரும், மீன் பிடிப்பவரும் உற்பத்தியாளர்தான். பத்துப் பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். ஆயிரம் பங்கு வைத்திருந்தாலும் பத்துப் பங்கு வைத்திருந்தாலும் தனி உறுப்பினருக்கு ஒரே ஓட்டு. அம்பேத்கரின் பிள்ளைகளுக்கு இந்த ஒரு விதி போதாதா? சிட்டா கேட்பது படிவத்தின் பழக்கம், சட்டத்தின் கட்டளை இல்லை. அந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

ஆனால் எங்கள் பத்துப் பேரை உடனே பதிவு செய்துவிடலாம் என்று நாங்கள் அவசரப்படவில்லை. 2020-ல் ஒன்றிய அரசு அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளியில் ஓர் அமைப்புக்குக் குறைந்தது 300 பேர் வேண்டும். உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை அரசு ஈடாகப் பங்குத்தொகை போடும், நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை. 300 பேர் என்றால் ஊரும் சேரியும் சேர்ந்தால்தான் ஆகும். சேர்ந்தால் யார் தலைவர், யார் கையெழுத்து, யார் வீட்டுத் திண்ணையில் கூட்டம்? தனியாக நின்றால் பணம் சிறிது, வருடாந்தரக் கணக்குத் தாக்கல் செய்யும் செலவோ அதேதான். தணிக்கையாளருக்குக் கட்ட முடியாமல் பெயரளவில் கிடக்கும் நிறுவனங்கள் எத்தனையோ. இந்த இரண்டில் எது என்று குழுவுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. மூத்த அக்கா ஒருவர், "சேர்ந்தே போவோம், ஆனா தராசு நம்ம தெருவுல இருக்கணும்" என்கிறார். இளைய பெண்கள் சிலர் தனியாகத்தான் என்கிறார்கள். முடிவு அவர்களுடையது. எங்களுக்கு அதில் ஓட்டு இல்லை, இருக்கவும் கூடாது.

முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. குழு முதலில் வாங்கப் போவது ஒரு மின்னணுத் தராசு. எடையளவு முத்திரை போட்ட தராசு. வியாபாரி வண்டி வரும் முன்பே மூட்டையை நிறுத்து நோட்டில் எழுதி வைத்துவிட்டால், "என் தராசுல இவ்வளவுதான்" என்ற பேச்சு குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். கணக்கு எழுத, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கானா கதையை நாங்கள் சொல்லவில்லை. அவர்களாகவே வந்து சேர்ந்த இடம் அது.

நிலம் இல்லாத பெண்களுக்குத் தாட்கோவின் 'நன்னிலம்' மகளிர் நில உடைமைத் திட்டம் இருக்கிறது. ஆதிதிராவிட விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, விலையில் பாதி அல்லது அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். பாதி விலையைக் கையிலிருந்தோ வங்கிக் கடனாகவோ போட வேண்டும். நெடுஞ்சாலைப் பக்கம் மனை விலை ஏறிக்கிடக்கும் எங்கள் பகுதியில் அந்தப் பணத்துக்கு எவ்வளவு நிலம் வரும் என்பது வேறு கதை. ஆனாலும் பத்திரம் பெண் பெயரில். இரண்டு பேர் விண்ணப்பிக்க முன்வந்திருக்கிறார்கள்.

மிச்சமிருப்பது பஞ்சமி நிலக் கணக்கு. அதற்குத்தான் மாணவர்களின் உதவி வேண்டும். கிராமத்தின் 'அ' பதிவேடு, பழைய செட்டில்மென்ட் பதிவேடு, வில்லங்கச் சான்று, மூன்றையும் பக்கத்தில் வைத்துச் சர்வே எண் வாரியாக ஒப்பிட வேண்டும். பழைய பதிவேட்டில் 'டி.சி.' என்று குறிப்பு இருந்து புதியதில் காணாமல் போன எண்களைத் தனியாக எழுத வேண்டும். நகல்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குகிறோம். பழைய கையெழுத்து, தெலுங்குக் கலப்பு, மை மங்கல் எல்லாம் இருக்கும். பழக்கமாகிவிட்டால் ஒரு சர்வே எண்ணுக்குப் பத்து நிமிடம்.

மதுராந்தகம் தாலுகாவில் ஜமாபந்தி தொடங்கும் முன் பட்டியல் தயாராக வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் தனி மனு, குழுவின் பெண்கள் கையெழுத்தோடு. சனி, ஞாயிறு இரண்டு நாள் வந்தால் போதும். அச்சரப்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்கினால் யாராவது வந்து அழைத்துப் போவோம். மதியச் சாப்பாடு குழுவின் பொறுப்பு. அளவுகோல், பென்சில், ஒரு நீள நோட்டு எடுத்து வாருங்கள். வெயில் கடுமையாக இருக்கும், தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.